888-ஆம் நம்பர் வீடு

மரக்காணம் ஒரு காலத்தில் துறைமுகப்பட்டினம். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று கருதும் அறிஞர்கள் இருக்கிறார்கள். ஓய்மா நாட்டு நல்லியக்கோடன் காலத்தில் இங்கே என்னென்ன வந்து இறங்கியதோ, நான் பிறந்தபோது இறங்குவதற்கு ஒரு பேருந்து நிறுத்தம்தான் இருந்தது. கிழக்கே கடல், மேற்கே கழுவெளி, குறுக்கே பக்கிங்ஹாம் கால்வாய், மிச்சமெல்லாம் உப்பளம். அதனால் ‘போர்ட்’ என்ற சொல்லை நான் முதலில் கேட்டது கப்பலோடு சேர்த்து அல்ல, ஒரு பிரிண்டரின் முதுகோடு சேர்த்து.

1995. ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ராத்திரியோடு ராத்திரியாகக் கம்ப்யூட்டர் சென்டராக மாறிய வருஷம். தட்டச்சு மெஷின்களெல்லாம் பின்கட்டுக்குப் போயின. முன்னறையில் கண்ணாடித் தடுப்பு, ஏசி, அதற்குள் ஒரு 486. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயிலுக்கு அடுத்தபடியாக எங்கள் ஊரில் செருப்பைக் கழற்ற வைத்த இடம் அதுதான். தூசி பட்டால் வைரஸ் வரும் என்று உரிமையாளர் மனதார நம்பினார். நான் அங்கே கூட்டுவது, துடைப்பது, டாஸ் சொல்லிக்கொடுப்பது என்று மூன்று பதவிகளை ஒரே சம்பளத்தில் வகித்தேன்.

மாணவர்கள் வராத மதியங்களில் ஜிடபிள்யூ பேசிக் என்ற நிரல்மொழி என் வசம். அதில் ஒரு கட்டளை உண்டு: அவுட். ‘அவுட் 888, 255’ என்று அடித்து என்டரைத் தட்டினால் திரையில் ஒன்றும் நடக்காது. நடப்பது பின்னால். பிரிண்டர் கேபிள் செருகும் 25 ஊசித் துளைகளில் இரண்டாவதிலிருந்து ஒன்பதாவது வரை எட்டிலும் 5 வோல்ட் ஏறி நிற்கும். ‘அவுட் 888, 0’ என்றால் எட்டும் அணையும். 1 என்றால் முதல் ஊசி மட்டும், 2 என்றால் அடுத்தது, 4, 8 என்று 128 வரை. 170-ஐயும் 85-ஐயும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் ஒன்றுவிட்டு ஒன்று கண்ணடிக்கும்.

888 என்பது வீட்டு நம்பர், அவ்வளவுதான். பதினாறடிமானத்தில் 378 என்று எழுதுவார்கள், பிரிண்டர் போர்ட்டுக்கு வழிவழியாக வந்த விலாசம். 889-இல் பிரிண்டர் பதில் சொல்லும்: பேப்பர் தீர்ந்துவிட்டது, வேலையாக இருக்கிறேன், கோளாறு. 890 கட்டுப்பாட்டுக்கு. ஒரே வரிசையில் மூன்று வீடு. கதவு எதற்கும் தாழ்ப்பாள் கிடையாது. பேசிக் எழுதத் தெரிந்த எந்தப் பயலும் நேராக உள்ளே போய் விளக்கைப் போட்டுவிட்டு வரலாம்.

நான் போனேன். சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஒரு 25 ஊசிக் கனெக்டர், ஒரு யுஎல்என் 2003 சிப், ரிலேக்கள் வாங்கிவந்தேன். அந்த வருஷம் அம்மன் கோயில் திருவிழாவில் எட்டு வரிசை சீரியல் விளக்கு கம்ப்யூட்டரால் ஓடியது. எட்டாவதற்கு யுஎல்என் 2003-இல் இடமில்லை, ஏழுதான். எட்டாவது வரிசைக்குத் தனியாக ஒரு டிரான்சிஸ்டர் போட்டு மானத்தைக் காப்பாற்றினேன். ரிலே டக் டக்கென்று அடித்த சத்தம் நாதஸ்வரத்துக்கு இடைஞ்சலாக இருந்ததாகப் புகார் வந்தது. எனக்கு அது தாளமாகத்தான் கேட்டது.

அப்பாவும் விளக்கைப் பார்க்க வந்தார். அவர் உப்பளத்தில் தண்ணி கட்டுகிறவர். கழித் தண்ணீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு, அங்கே வெயிலில் சுண்டியபின் இன்னொன்றுக்கு என்று மடை திறந்து மடை அடைத்துக் கடைசிப் பாத்தி வரை கொண்டுபோகிற வேலை. எந்தப் பாத்தியில் எவ்வளவு நிற்கிறது, எப்போது போதும் என்பதெல்லாம் அவர் காலில் இருந்தது. அரைமணி நேரம் விளக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இது எதுக்காவுதுடா?”

அந்தக் கேள்விதான் என்னைக் கெடுத்தது. பாத்தியில் தண்ணீர் மட்டம் தொட்டதும் மணி அடிக்கும் கருவி ஒன்று செய்வது என்று முடிவு கட்டினேன். ஒரு சிக்கல். கம்ப்யூட்டர் கண்ணாடி அறையைவிட்டு வராது. ஆகவே உப்பளம் கம்ப்யூட்டரைத் தேடி வந்தது, பிளாஸ்டிக் பக்கெட்டில், என் சைக்கிள் கேரியரில்.

உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்று புத்தகம் சொல்லும். இரண்டு செம்புக் கம்பிகளை நேராக 11-ஆம் ஊசிக்கும் கிரவுண்டுக்கும் கொடுத்து முக்கினேன். 889-ஐ ‘இன்ப்’ கட்டளையால் படித்தால் கம்பி காய்ந்திருக்கும்போது 127, நனைந்தால் 255 வர வேண்டும். வந்தது, ஆனால் நிற்கவில்லை. 127, 255, 127 என்று குளிர்சுரம் வந்ததுபோல நடுங்கியது. கம்பியும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரி மாதிரி நடந்துகொண்டு, ஊசியைப் பூஜ்யத்துக்கு இறங்க விடாமல் நடுவழியில் நிறுத்திவிட்டன. ஒரு பிசி 547 டிரான்சிஸ்டரை இடையில் வைத்து, இரண்டாம் ஊசியிலிருந்தே 5 வோல்ட் எடுத்துத் தண்ணீர் வழியாக அதன் பேஸுக்கு அனுப்பினேன். நடுக்கம் நின்றது. பக்கெட்டுக்குள் கம்பி இறங்கினால் 255, ‘பீப்’. எடுத்தால் 127, மௌனம்.

அப்பாவை அழைத்துவந்து காட்டினேன். வாசலில் செருப்பைக் கழற்றினார். கழற்றியும் பிரயோசனமில்லை, கால் வெடிப்புகளில் இருந்த உப்பு, பளபளத்த தரையில் கதவிலிருந்து மேஜை வரை வெள்ளைத் தடமாகப் பதிந்தது. உரிமையாளர் அதைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். அப்பா ஒன்றையும் கவனிக்கவில்லை. பக்கெட்டைக் குனிந்து பார்த்தார். பீப்.

“பக்கெட்ல தண்ணி இருக்குதுன்னு சொல்லுதா?”

“ஆமாம்பா.”

“பக்கெட்டப் பாத்தாலே தெரியுதேடா.”

எனக்கு அப்போது 21 வயது. அப்பாவுக்கு அறிவியல் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் பக்கெட்டும் கம்பியும் அப்படியே மேஜைக்கு அடியில் இருந்தன. 5 வோல்ட் போன கம்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பச்சைக் குழம்பாகியது. மற்ற கம்பியில் பொடிப்பொடியாகக் குமிழ். நேர்மின்சாரத்தை உப்புத் தண்ணீரில் விட்டால் அதுதான் நடக்கும். இதற்கும் வழி கண்டுபிடித்தேன்: எப்போதும் மின்சாரம் கொடுக்காதே, படிக்கிற கணத்துக்கு மட்டும் ‘அவுட் 888, 1’, படித்ததும் ‘அவுட் 888, 0’. கம்பி ஆயுள் கூடியது. என் வாழ்க்கையில் நானாகக் கண்டுபிடித்த ஒரே விஷயம் இதுதான் என்று நினைத்தேன். எனக்கு முன்பே பலர் கண்டுபிடித்தது என்று பின்னால் தெரிந்தது.

கண்டுபிடிக்காமல் விட்டது வேறொன்று. நான் பயன்படுத்தியது பல இழைகள் முறுக்கிய கம்பி. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, அந்த இழைகளின் இடுக்கில் உப்புத் தண்ணீர் ஏறும். பிளாஸ்டிக் உறைக்குள், யார் கண்ணிலும் படாமல், ஒரு நாளுக்கு இவ்வளவு என்று நிதானமாக ஏறி, மேஜை விளிம்பைத் தாண்டி, கனெக்டரை அடைந்து, அதன் வழியாகக் கம்ப்யூட்டருக்குள்ளேயே போய்விட்டது. ஒரு திங்கட்கிழமை உரிமையாளர் பில் அடிக்க, பிரிண்டர் எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகளை அடித்தது. கழற்றிப் பார்த்தால் 25 துளைகளிலும் களிம்பு, பூஜை செய்யாத கோயில் விளக்கு மாதிரி. நல்லவேளையாக அந்தக் காலத்தில் போர்ட்டுகள் தனி அட்டையில் இருந்தன. மல்ட்டி ஐஓ கார்டு என்று பெயர். புதிது ஒன்றின் விலை என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது.

நான் 888-க்குள் அனுமதி கேட்காமல் போனதாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். உப்பு எதிர்த்திசையில் அதே வேலையைச் செய்துமுடித்திருந்தது. பேசிக் கூடத் தெரியாமல்.

*

2003-இல் நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வக உதவியாளன். புதிய கம்ப்யூட்டர்கள் வந்தன, விண்டோஸ் எக்ஸ்பியோடு. பெட்டியின் முதுகில் அதே 25 துளைகள் இருந்தன. பழைய உறவினரைப் பார்த்ததுபோல இருந்தது. ஆனால் ‘888-க்கு 255’ என்று சொன்ன என் நிரலை விண்டோஸ் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது. உனக்கு அந்த உரிமை இல்லை என்று ஒரு செய்திப் பெட்டி.

இதன் பின்கதை பெரியது. இன்டெல் தன் 286 சிப்பிலேயே, 1982-இல், நான்கு வளையங்கள் போட்டுவைத்தது. நடுவில் 0, விளிம்பில் 3. 386-இல் இன்னும் நுணுக்கமாக, 65,536 போர்ட்டுகளுக்கும் ஆளுக்கொரு பிட் வைத்து யார் எந்த வீட்டுக்குள் போகலாம் என்று ஒரு பட்டியல். டாஸ் இதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை. கல்யாண மண்டபத்தில் பந்திக்கு முந்துகிறவன் மாதிரி எல்லாரும் நடுவளையத்தில் உட்கார்ந்திருந்தோம். எக்ஸ்பி வந்தபின் இயங்குதளம் மட்டும் உள்ளே, நாங்கள் மூன்றாம் வளையத்தில், வாசலுக்கு வெளியே.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நியாயமாகப் பார்த்தால் எங்கள் உப்பளத்திலும் அதே சட்டம்தான். மடையைத் திறக்கும் உரிமை அப்பா ஒருவருக்கு மட்டும். ஆளாளுக்குத் திறந்தால், சுண்டாத தண்ணீர் போய்ச் சுண்டிய தண்ணீரில் கலந்து பத்து நாள் வெயில் வீண். இரண்டு நிரல்கள் ஒரே சமயத்தில் 888-க்கு எழுதினால் நடப்பதும் இதுவே.

சட்டம் இருந்தால் சந்தும் இருக்கும். கிவ்ஐஓ என்று ஒரு குட்டி டிரைவர், 1996-இல் டாக்டர் டாப்ஸ் ஜர்னல் பத்திரிகையில் வெளியானது. அந்த அனுமதிப் பட்டியலை மொத்தமாக வழித்துவிட்டு, போ, எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் போ என்று சொல்லிவிடும். பைத்தான் என்ற மொழியை நான் தெரிந்துகொண்டதே இதன் வால் பிடித்துத்தான். பைபேரலல் என்ற நூலகம் கிவ்ஐஓவின் தோளில் ஏறி நின்று, பைத்தானில் ‘செட்டேட்டா 255’ என்று சொன்னால் எட்டு விளக்கையும் எரியவைத்தது. 1995-இல் ஒரு வரி. இப்போதும் ஒரு வரி. நடுவில் மட்டும் பைத்தான், நூலகம், ஒரு டிஎல்எல், ஒரு டிரைவர், விண்டோஸ். கையூட்டு வாங்காத ஐந்து குமாஸ்தாக்கள்.

லினக்ஸ் வேறு மாதிரி ஆசாமி. அங்கே போர்ட்டுகள் மொத்தமும் ஒரு கோப்பு. டெவ் என்ற அடைவில் போர்ட் என்றே பெயர். ரூட்டாக நுழைந்து, கோப்பைத் திறந்து, 888-ஆவது பைட்டுக்குப் போய் எழுதினால் விளக்கு எரியும். எழுதுவது சரியாக நடந்தது. ஒருநாள் படிக்கப் போனேன். 889-லிருந்து ஒரே ஒரு பைட் கொடு என்று பைத்தானிடம் கேட்டேன். கேட்டதை மட்டும் கொடுத்துப் பழக்கமில்லாத மொழி அது. இவன் அடுத்ததையும் கேட்பான் என்று அக்கறையாக 4096 பைட்டுகளை ஒரேயடியாக அள்ளிக்கொண்டு வந்தது. சாதாரணக் கோப்பில் இது புத்திசாலித்தனம். போர்ட்டில், படிப்பது என்பதே தொடுவது. வழியில் 1016-ஆம் நம்பர் வீடு, முதல் சீரியல் போர்ட். அதில் எங்கள் ஆய்வகத்தின் பழைய மௌஸ் குடியிருந்தது. அதற்கு வந்த கடிதத்தை நான் பிரித்துவிட்டேன். மௌஸ் அம்பு திரையில் ஒரு துள்ளு துள்ளி ஓரத்தில் போய் நின்றது, அதன்பின் மொத்த மெஷினும் உறைந்துவிட்டது. இடைச்சேமிப்பு வேண்டாம் என்று திறக்கும்போதே ஒரு பூஜ்யம் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு பூஜ்யத்தில் போயிற்று.

இந்தக் கூத்தை ஒழுங்காகச் செய்தவர்கள் டெல்லியில் இருந்தார்கள். இன்டர் யூனிவர்சிட்டி ஆக்ஸிலரேட்டர் சென்டரில் அஜித் குமார் முன்னின்று நடத்திய திட்டம், பெயர் ஃபீனிக்ஸ். முடுக்கி வைத்து அணுக்கருவை உடைக்கிறவர்கள், நம் கல்லூரிப் பையன்கள் மின்தேக்கி சார்ஜ் ஆவதைத் தாங்களே அளக்கட்டும் என்று ஒரு பெட்டி செய்தார்கள். முதல் பெட்டி செருகப்பட்டது எங்கே? அதே 25 துளையில். லினக்ஸுக்குள் அதற்கென ஒரு டிரைவர், மேலே பைத்தான் நூலகம். நாலு வரியில் வோல்ட்டேஜைப் படிக்கலாம், மைக்ரோ நொடியில் நேரம் அளக்கலாம். சி மொழியில் எழுதியிருந்தால் இயற்பியல் மாணவன் சுட்டியோடு மல்லுக்கட்டி ஊசலை மறந்திருப்பான். ஸ்கிரிப்ட் மொழி என்று ஏளனம் செய்தவர்கள் அன்று நிறையப் பேர் இருந்தார்கள், நானும் சேர்த்தி. பேசிக்கில் பிழைத்தவனுக்குப் பைத்தானைப் பார்த்து இளப்பம்!

ஃபீனிக்ஸின் சாமர்த்தியம், நேரக் கணக்கைப் பைத்தானிடம் விடாததுதான். பைத்தான் ‘அள’ என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நுண்ணொடி எண்ணுவது கீழே இருக்கிறவன் வேலை. பண்ணையார் திண்ணையிலிருந்து சொல்வார், மடையில் கால் வைத்திருப்பவன் வேறொருவன் என்பதுபோல. பின்னால் வந்த பதிப்புகளில் அந்த வேலையை ஒரு மைக்ரோகன்ட்ரோலர் எடுத்துக்கொண்டது. பிரிண்டர் போர்ட்டுகள் அழியத் தொடங்கியதும் பெட்டி யுஎஸ்பிக்கு மாறி, எக்ஸ்ப்ஐஸ் என்று பெயர் பெற்றது. டெபியன் லினக்ஸில் இன்றும் அந்தப் பெயரில் தேடினால் கிடைக்கும்.

அழியத் தொடங்கியது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டேன். 2011-இல் தமிழக அரசு பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது ஊரே அதைத் திறந்து திரையைப் பார்த்தது. நான் மட்டும் திருப்பி முதுகைப் பார்த்தேன். துளைகள் இல்லை. யுஎஸ்பியில் செருகி 25 துளை தரும் ஒரு மாற்றுக் கம்பி ரிச்சி தெருவில் கிடைத்தது. ஆசையாக வாங்கினேன். பார்க்க அதே கனெக்டர், அதே பெண் துளைகள், ஆனால் அதற்கு விலாசம் கிடையாது. பிரிண்டர் என்று நினைத்துத்தான் பேசும். 888-க்கு 255 அனுப்பினேன். எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை, எந்த விளக்கும் எரியவில்லை. இடித்துத் தள்ளிய வீட்டுக்கு மணியார்டர் அனுப்பியதுபோல.

அந்தக் காலத்தில் அப்பாவும் இல்லை. 2009-இல் போய்விட்டார்.

*

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் கிட்டத்தட்ட அரை மீட்டர் மழை. எங்கள் பக்கத்து உப்பளங்கள் கடலா கழியா பாத்தியா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒரே தண்ணீர். மழைக்காலத்தில் எப்படியும் வேலை நிற்கும். இந்த முறை வரப்புகளே இல்லை. தண்ணீர் வடிந்து, பாத்தியைக் கட்டி, களிமண்ணை மிதித்து மிதித்துத் தரையைக் கெட்டியாக்கி, மறுபடி உப்பு பூக்கிற நிலைக்கு வரும்போது பல மாதம் ஓடியிருந்தது.

அக்கா மகன் அப்போதுதான் 12-ஆம் வகுப்பு முடித்திருந்தான். 2019 முதல் அவர்கள் கணினிப் பாடத்தில் பைத்தான் இருக்கிறது. மற்ற மொழிகளை ஒட்டும் பசை என்று அதற்கு விளக்கம் வேறு. பையன் அந்தப் பசையை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கே கிளம்பிவிட்டான். கையில் பிஸ்கட் அளவு பலகை, இஎஸ்பி 32. அதற்குள்ளேயே மைக்ரோபைத்தான். டேமியன் ஜார்ஜ் என்ற இயற்பியல்காரர் 2013-இல் பொதுமக்களிடம் பணம் திரட்டித் தொடங்கியது அது. பைத்தான் கம்ப்யூட்டரிலிருந்து போர்ட்டுக்குக் கைநீட்டிய காலம் போய், போர்ட்டுக்குள்ளேயே குடியேறிவிட்டது. கண்ணாடி அறையைவிட்டு வெளியே வராத என் 486 எங்கே, பள்ளிக்கூட டிபன் பாக்ஸுக்குள் பேட்டரியோடு உட்கார்ந்து வரப்பில் வெயில் காய்கிற இது எங்கே. பக்கெட்டுக்கு வேலையில்லை.

“இம்போர்ட் பின், ரெண்டாம் நம்பர், ஒன்னு. லைட் எரிஞ்சிடுச்சு மாமா.”

நீல விளக்கு எரிந்தது. நான் கேட்டேன்:

“அட்ரஸ் எங்கடா?”

“என்ன அட்ரஸ்? ஐபி அட்ரஸா?”

“அந்தப் பின்னோட அட்ரஸ்.”

“பின்னுக்கு எதுக்கு மாமா அட்ரஸ்? பேரு இருக்குதே, பின் ரெண்டு.”

அன்று இரவு தூங்கவில்லை. சிப்பின் ஆவணத்தைப் புரட்டிப் புரட்டி விலாசத்தைப் பிடித்தேன். பதினாறடிமானத்தில் எழுத்தும் எண்ணுமாக இருந்ததை நம் கணக்குக்கு மாற்றினால் 1072971780. பத்து இலக்கம், செல்போன் நம்பர் மாதிரி. மூன்று இலக்கத்தில் இருந்த தெரு எவ்வளவு பெரிய நகரமாகிவிட்டது! மைக்ரோபைத்தானில் மெம்32 என்று ஒரு வாசல் இருக்கிறது; நினைவக விலாசத்தை நேராகக் கொடுத்து எழுதலாம். வளையம் இல்லை, காவலாளி இல்லை, ரூட் இல்லை. அந்த விலாசத்தில் 4 என்று எழுதினேன். நீல விளக்கு எரிந்தது. 30 வருஷம் சுற்றிவிட்டு அதே திறந்த கதவு முன்னால் வந்து நிற்கிறேன்! காலையில் பையனை எழுப்பிக் காட்டினேன். பல் விளக்கிக்கொண்டே பார்த்தான்.

“அதே லைட்தான மாமா?”

அதே லைட்தான். என்ன சொல்வது.

அவன் திட்டம் மட்டம் பார்ப்பதல்ல, டிகிரி பார்ப்பது. அந்துவான் போமே என்ற பிரெஞ்சுக்காரர் 1768-இல் வகுத்த அளவுகோலைத்தான் உப்பளத்தில் டிகிரி என்கிறோம். கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி. சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்பு, பிறகு ஜிப்சம் படியும். 25 தாண்டினால் உப்பு. 29, 30-க்கு மேல் விட்டால் மக்னீசியம் சேர்ந்து கசக்கும்; அதற்குள் அந்த மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். கண்ணாடிக் குழல் ஒன்றை மிதக்கவிட்டால் தெரிந்துபோகும். பையன் இரண்டு எவர்சில்வர் ஸ்பூன்களைத் தண்ணீரில் நட்டு, மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று அளந்து, அதைப் போனில் வரைபடமாகக் காட்டினான். ஸ்பூன் கறுக்கிறதே என்றான். படிக்கிற கணத்துக்கு மட்டும் மின்சாரம் கொடு, ஒரு முறை இந்தப் பக்கம், மறுமுறை அந்தப் பக்கம் மாற்றிக் கொடு என்றேன். செய்தான், ஸ்பூன் பிழைத்தது. 888-ஆம் வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த ஒரே சீதனம் செல்லுபடியானது. “பரவாயில்லையே மாமா” என்றான். அதை இன்றுவரை வைத்திருக்கிறேன்.

உப்பின் குசும்பு வேறிடத்தில் இருந்தது. நீர்த்த தண்ணீரில் உப்பு கூடக் கூட மின்சாரம் கூடுதலாகப் பாயும், எண் கிடுகிடுவென்று ஏறும். ஆனால் உப்பு முற்ற முற்ற அந்த ஏற்றம் சோம்பிப்போகும். அயனிகளுக்குள் நெரிசல். பூக்கப்போகிற நேரத்தில், அதாவது நமக்கு விடை வேண்டிய ஒரே நேரத்தில், வரைபடம் மேட்டுநிலமாகப் படுத்துக்கொள்ளும். போதாததற்கு வெயில் ஒரு டிகிரி ஏறினால் கடத்துதிறன் ஏறக்குறைய 2 சதவீதம் ஏறும். மத்தியானத்தில் கருவி அளப்பது உப்பையா சூரியனையா என்றே தெரியாது. உப்பில்லாத இடங்களில் துல்லியமாக உப்பளக்கும் கருவி ஒன்றைப் பையன் செய்திருந்தான். அப்பா இருந்திருந்தால் பக்கெட்டை ஞாபகப்படுத்தியிருப்பார்.

மே மாதம் ஒரு பிற்பகல். தென்கிழக்கில் மேகம் கட்டியது. நாங்கள் வரப்பில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்பாவோடு வேலை பார்த்த அத்தை, எழுபதைத் தாண்டியவர், பாத்தி ஓரம் குந்தியிருந்தார். தண்ணீர்மேல் பால் ஏடு மாதிரி மெல்லிய படலம். விரல் நுனியால் அதைத் தொட்டார். உடைந்து, ஓர் அரிசி அளவுச் சில்லு மெதுவாக அடியில் இறங்கியது. விரலை நாக்கில் வைத்தார்.

“இன்னிக்கே வாரிடணும். மழ வந்தா எல்லாம் போச்சு.”

“ஆயா, ரீடிங் காலைலேர்ந்து அப்படியேதான் இருக்குது” என்றான் பையன்.

“எது அப்படியே இருக்குது?”

போனைக் காட்டினான். நேர்கோடு. அவர் அதை மரியாதையாகப் பார்த்தார், ஆஸ்பத்திரியில் வேறு யாருடைய எக்ஸ்ரேயையோ பார்ப்பதுபோல. அதற்குள் கோடும் நின்றுபோனது. டிபன் பாக்ஸைத் திறந்தால் யுஎஸ்பி வாயிலும் பேட்டரி முனையிலும் பச்சை. மூன்றே வாரத்தில். பல இழைக் கம்பி போட்டிருந்தான். என் தவறுதான், இதை அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அத்தை எழுந்து, நீளக் கழியில் பலகை வைத்த வாருகோலை அவனிடம் நீட்டினார். அவன் பாக்ஸை என் கையில் கொடுத்துவிட்டுப் பாத்திக்குள் கால் வைக்கப் போனான்.

“டேய், இருடா. ஷூவக் கழட்டிட்டு எறங்கு.”